தொட்டியைத் திருப்பி வையுங்கள்

நம் மருத்துவமனையின் புறநோயாளர் கூடத்தில், மருந்தகத்துக்கு எதிரே, ஒரு ரப்பர் செடி இருக்கிறது. மருந்துக்காக வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடத்துக்கு வெளிச்சம் வரும் வழி ஒன்றே ஒன்று; வடக்குப் பக்கச் சாளரம். செடியை வைத்த ஓராண்டுக்குள் அது சாளரத்தை நோக்கி மெல்லச் சாயத் தொடங்கியது. ஒரு கட்டத்தில், அந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்பவரின் தோளில் அதன் இலை உரசும் அளவுக்குச் சாய்ந்துவிட்டது. எலும்பு மூட்டு மருத்துவப் பிரிவைச் சேர்ந்த எங்களுக்கு, கோணலாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. குளுக்கோஸ் புட்டி தொங்கவிடும் பழைய கம்பி ஒன்றைத் தொட்டியில் நட்டு, தண்டை இழுத்து நிமிர்த்தி, கட்டுத்துணியால் ஆறு இடங்களில் இறுக்கிக் கட்டினோம். செடி விறைப்பாக நின்றது. எங்களுக்கும் நிறைவாக இருந்தது.

ஆறேழு மாதங்கள் கழித்து, அம்பகரத்தூரிலிருந்து மறுபரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அந்தச் செடியின் அருகே காத்திருந்தார். எழுபதைக் கடந்தவர், நெல்லும் கொஞ்சம் தென்னையும் வைத்திருப்பவர். அவருடைய இசைவைப் பெற்றே இதை எழுதுகிறோம். ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் சொல்லப்போவதில்லை. நாங்கள் அந்த வழியாகக் கடந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இத யாருங்கய்யா கட்டுனது? கழுத்த நெரிச்ச மாதிரி இருக்கு. தொட்டியத் திருப்பி வச்சிருந்தா தன்னால வந்திருக்குமே.”

அன்று மாலை கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தோம். துணி இருந்த இடங்களிலெல்லாம் தண்டில் பள்ளம் விழுந்திருந்தது. ஓரிடத்தில் தோல் கிழிந்து பால் வடிந்து காய்ந்திருந்தது. அதைவிட எங்களை வருத்தியது வேறொன்று. கடைசிக் கட்டை எடுத்தவுடன் செடி முன்னைவிட அதிகமாகச் சரிந்து விழுந்தது. கட்டுவதற்கு முன்பாவது சாய்ந்தபடி தானே நின்றுகொண்டிருந்த செடி அது. இப்போது நிற்கவே இல்லை.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக மூட்டுத் தேய்மானம், எலும்பு வலுவிழப்பு போன்றவற்றைப் பற்றி எழுதுவோம். இம்முறை செடியைப் பற்றி எழுதுகிறோம். வீட்டில் தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும். வீட்டில் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வேறு வகையிலும் பயன்படலாம் என்பது எங்கள் எண்ணம்.

செடி ஏன் சாய்கிறது? இதைத் தெளிவாகக் கேட்டு விடை தேடியவர்களில் முதன்மையானவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற அதே டார்வின், முதுமையில் தம் மகன் ஃபிரான்சிசோடு சேர்ந்து புல் நாற்றுகளை வைத்துக்கொண்டு சோதனைகள் செய்தார். நாற்றின் நுனியை ஒளி படாமல் மூடினால், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்தாலும் நாற்று வளைவதில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடியை மூடினால் வளைகிறது. ஒளியை உணர்வது நுனி, வளைவதோ அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்க வேண்டும் என்று 1880இல் வெளியிட்ட நூலில் இருவரும் எழுதினார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் வேதிப்பொருளை 1920களில் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வென்ட் பிரித்துக் காட்டினார். அதற்கு ஆக்சின் என்று பெயர். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழும்போது, நிழல் பக்கத்தில் ஆக்சின் மிகுதியாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் தண்டு வளையத்தானே வேண்டும்?

ஆகவே, சாளரத்தை நோக்கிச் சாய்ந்த எங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. அதன் உணர்வும் உறுப்பும் சரியாகவே வேலை செய்தன. கோணலாக இருந்தது நாங்கள் அதற்குக் கொடுத்த வெளிச்சம்.

நம் பகுதியின் பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய வீட்டில் துளசி மாடத்துக்கு வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வரும். துளசி நேராக வளரும். முற்றத்தை மூடி, அறைக்கு ஒரு சன்னல் என்று வைத்துக் கட்டத் தொடங்கிய பிறகுதான் செடிகள் சாய்கின்றன. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. காரைக்கால் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் வெயில் நமக்குச் சற்று வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து விழும். மார்கழியில் தெற்குச் சன்னலோரம் செழிப்பாக இருந்த செடி, ஆனியில் அதே இடத்தில் வெளிறிப் போவதற்கு இதுவே காரணம். உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுபவர்கள் உண்டு. செடி கேட்பது இடமாற்றத்தை.

உங்கள் வீட்டுச் செடி சாய்ந்திருந்தால், கட்டுக்கயிற்றைத் தேடும் முன் அடிமண்ணை விரலால் அழுத்திப் பாருங்கள். தண்டை மெல்ல அசைத்தால் மண்ணோடு சேர்ந்து அடியும் ஆடுகிறதா? ஆடினால் குறை வேரில் இருக்கிறது. தண்ணீர் வடியாமல் வேர் அழுகியிருக்கலாம். அல்லது அண்மையில் மாற்றி நட்டதால் வேர் இன்னும் பிடிக்காமல் இருக்கலாம். அழுகிய வேரிலிருந்து ஒரு புளித்த நாற்றம் வரும். அப்படி இருந்தால் எவ்வளவு கட்டினாலும் பயனில்லை. செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில், அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். அடி உறுதியாக இருந்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்து வெளிறியிருந்தால் அது வெளிச்சப் பஞ்சம். அடியும் உறுதி, இலையும் பசுமை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் கிளை பெருத்துத் தலை கனத்திருக்கிறது என்றால், கனத்த பக்கத்தில் இரண்டு கிளையைக் கவாத்து செய்தாலே பாதி நிமிர்ந்துவிடும்.

வெளிச்சத்தால் சாய்ந்த செடிக்கு வேண்டியது மிக எளிது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். நான்கு வாரத்தில் ஒரு முழுச் சுற்று வரும். ஒரேயடியாக அரைவட்டம் திருப்பினால் சாய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய், தண்டு பாம்புபோல் நெளியும். இருட்டிலிருந்த செடியை நேரே உச்சிவெயிலுக்குக் கொண்டுபோனால் இலை கருகும். பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக நகர்த்துங்கள். இளந்தண்டு விரைவில் நிமிரும். முற்றிய தண்டில் வளைவின் மேற்பக்கத்தில் இழுவிசையுள்ள மரத்திசு சிறிது சிறிதாக உருவாகித் தண்டை மேலே இழுக்கும்; ஆயினும் பழைய வளைவு முழுவதும் மறையாது. அதற்கு மேலே புதிதாக வளரும் பகுதி நேராக வளரும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்தில் பொறுமையிழந்து கம்பியைத் தேடுவீர்கள். நாங்கள் தேடியதுபோல.

கொழுகொம்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொடி வகைகளுக்கு அது வேண்டும். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் கதையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவன் அந்தக் கொடியைத் தேரில் கட்டியதாக எங்கும் கேள்விப்படவில்லை. தேரை அருகில் விட்டுவிட்டுப் போனான், பற்றிக்கொண்டது கொடி. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை உயிரோடு வளர்த்து, அதன்மீது கொடியை ஏற்றி வாழைநாரால் கட்டுவார்கள். நார் நாளடைவில் மக்கி அறுந்துவிடும். அதற்குள் கொடியின் கணுவேர்கள் மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். குலை தள்ளிய வாழைக்கு நம் உழவர்கள் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கிறார்கள். குலை ஏறிய பிறகுதான் கொடுக்கிறார்கள். சாய்கிற பக்கத்தில் தாங்குகிறார்கள். மரத்தைச் சுற்றி இறுக்குவதில்லை.

தொட்டிச் செடிக்கும் அப்படியே. தண்டை ஒட்டி நடாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் குச்சியை நடுங்கள். ஒட்டி நட்டால் வேரைக் குத்தும். கம்பியும் நைலான் கயிறும் வேண்டாம். பழைய பருத்திப் புடவையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த துணி போதும். அதை எட்டு வடிவில், குச்சிக்கும் தண்டுக்கும் இடையே ஒரு குறுக்கு விழும்படி, தளர்வாகக் கட்டுங்கள். துணிக்கும் தண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைய வேண்டும். உச்சியில் கட்டாதீர்கள். எந்த உயரத்தில் பிடித்தால் செடி நிற்கிறதோ, அந்த உயரங்களில் மிகத் தாழ்ந்த இடத்தில் கட்டுங்கள். மேற்பகுதி ஆடட்டும். மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து, தானே நிற்கிறதா என்று சோதியுங்கள். நின்றால் குச்சியை எடுத்துவிடுங்கள்.

மேற்பகுதி ஆடட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் ஆடும் செடி குட்டையாகவும் தடித்த தண்டோடும் வளர்கிறது. ஆடாத செடி உயரமாக, மெலிந்து வளர்கிறது. 1971இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், பசுமைக் குடிலில் வைத்த இளமரங்களை நாள்தோறும் 30 நொடி மட்டும் குலுக்கி இதைக் காட்டினார்கள். குலுக்கப்பட்டவை உயரம் குறைந்து உறுதிப்பட்டன. வீட்டுக்குள் இருக்கும் செடிக்குக் காற்று ஏது? செடியைக் கடக்கும்போதெல்லாம் தண்டை உள்ளங்கையால் மெல்ல அசைத்துவிட்டுப் போங்கள். எங்கள் ரப்பர் செடி கட்டை அவிழ்த்ததும் விழுந்ததற்கு விளக்கம் இதுதான். ஆறு கட்டு, ஆறேழு மாதம். அந்தத் தண்டு தன் எடையைத் தாங்கிப் பழகவே நாங்கள் விடவில்லை.

எலும்பு மருத்துவத்தின் சின்னம் என்னவென்று தெரியுமா? ஒரு கோணல் மரம். நேரான முளை ஒன்றை நட்டு, அந்த மரத்தை அதனோடு கயிற்றால் கட்டியிருக்கும் படம். பாரிசில் வாழ்ந்த நிக்கோலா ஆந்த்ரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1741இல் வெளியிட்ட நூலில் வந்தது. எங்கள் துறைக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வழங்கும் ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்ற பெயரும் அந்த நூலிலிருந்துதான் வந்தது. நேர், குழந்தை என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் ஆக்கினார். குழந்தைகளின் உடலில் ஏற்படும் கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் அவருடைய அக்கறை. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். இங்கே அவர்கள் வந்து இரண்டே ஆண்டில் அங்கே அந்த நூல் வெளியாகியிருக்கிறது என்பதை நினைத்தால் எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. பல நாடுகளின் எலும்பு மருத்துவச் சங்கங்கள் இன்றும் அந்த மரத்தைத்தான் முத்திரையாகப் பயன்படுத்துகின்றன.

ஆனால் அந்தப் படத்தோடு எங்களுக்கு இப்போது ஒரு பிணக்கு உண்டு. அதில் மரம் நன்றாகவே தடித்துவிட்டது. கயிறோ தண்டைப் பல சுற்றுச் சுற்றியிருக்கிறது. அவ்வளவு முற்றிய தண்டு கயிற்றால் நேராகாது. அவ்வளவு சுற்றுக் கயிறு தண்டுக்கு நல்லதும் இல்லை. அம்பகரத்தூர்ப் பெரியவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் என்ன சொல்வார் என்று எங்களால் ஊகிக்க முடிகிறது. இவ்வளவு காலமாக அந்தச் சின்னத்தைப் பார்த்துவந்த நாங்கள், கயிறு எப்போது அவிழ்க்கப்படும் என்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கேள்வியை நாங்கள் அவரைப் பொறுத்தே கேட்டிருக்க வேண்டும். அவர் இரவில் கழிவறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டருகே தொடையெலும்பு முறிந்து எங்களிடம் வந்தவர். அறுவை செய்து உலோகத் தண்டு பொருத்தினோம். எலும்பு நன்றாகப் பொருந்தியது. மறுநாளே எழுந்து நிற்க வைத்து, வாக்கர் பிடித்து நான்கு அடி நடக்கவும் வைத்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்த தாளில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன: ‘ஓய்வு தேவை. விழாமல் பார்த்துக்கொள்ளவும்.’

மகள் அந்த இரண்டு வரியையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். கட்டிலிலேயே உணவு, கட்டிலிலேயே குளியல். எழ முயன்றால், “அப்பா, டாக்டர் என்ன சொன்னாங்க? படுங்க” என்று தடுத்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் தினமும் பேசியில் அழைத்து, அப்பாவைத் தனியாக விடவில்லையே என்று கேட்டார். ஆறு வாரம் கழித்து வந்தபோது எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது வாக்கர் பிடித்து நடந்தவர், சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அவருடைய தொடை எங்கள் முன்கையை விடச் சற்றே பெரிதாக இருந்தது. அறுவை செய்த பக்கத்து முழங்கால் முழுதாக நீளவில்லை. கட்டிலின் ஒரு பக்கம் சுவர். கதவு, தொலைக்காட்சி, பேச வருபவர்கள் எல்லாம் மறுபக்கம். ஆறு வாரமும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்து, உட்கார்ந்தாலும் அந்தப் பக்கமே சரிந்தார்.

நம் எலும்பும் தசையும் சுமையைக் கண்டுதான் தம்மைக் கட்டிக்கொள்கின்றன. சுமை ஏறும் இடத்தில் எலும்பு உறுதிப்படும், சுமை இல்லாத இடத்தில் கரையும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். எடையற்ற வெளியில் பல மாதம் தங்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதந்தோறும் ஒரு விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நல்ல உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. நம் பெரியவர் படுத்திருந்தது நாற்பது நாளுக்கு மேல்.

மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தாளில் ‘ஓய்வு’ என்று இருந்தது. எத்தனை நாள், எந்த அளவு, எப்போது எழலாம் என்பது இல்லை. கட்டச் சொன்னோம், அவிழ்க்கும் நாளைச் சொல்லவில்லை. இப்போது அந்தத் தாளை மாற்றியிருக்கிறோம். எத்தனையாவது நாள் நாற்காலியில் உட்கார்த்துவது, என்றைக்குத் தானே உண்பது, எப்போது கழிவறைக்கு வாக்கரோடு நடப்பது என்று கிழமை போட்டே எழுதிக் கொடுக்கிறோம். அப்படி எழுதப்படாத தாள் உங்கள் கைக்கு வந்தால், வீட்டுக்குப் புறப்படும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே கட்டை அவிழ்த்துவிடக் கூடாது. சீக்கிரம் அவிழ்ப்பதே பிழையாகும் இடங்களும் உண்டு. பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு இன்று உலகெங்கும் செய்யப்படுவது, ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறை. வாரம் ஒருமுறை பாதத்தை வலிக்காமல் சிறிதளவு திருத்தி மாவுக்கட்டுப் போடுவோம். ஐந்தாறு கட்டுகளில் பாதம் ஏறத்தாழ நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். அதன்பிறகு இரு காலையும் இணைக்கும் பட்டைக் காலணி: முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயது வரை உறங்கும்போது மட்டும். பாதம் நேராகிவிட்டதே என்று பெற்றோர் அந்தக் காலணியை நிறுத்திவிடும் வீடுகளில்தான் வளைவு திரும்ப வருகிறது. இங்கே கொழுகொம்பு நான்கு ஆண்டு இருந்தே ஆக வேண்டும். ஆனாலும் அது இரவுக்கு மட்டும் என்று தளர்ந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். பகலெல்லாம் குழந்தை ஓடுகிறது.

வேறு சில கோணல்களைத் தொடவே வேண்டாம். நடக்கத் தொடங்கும் குழந்தைக்குக் கால் சற்று வில்போல் வளைந்திருப்பது இயல்பு. இரண்டு வயதளவில் அது நேராகி, மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் உட்பக்கம் இடிப்பதுபோல் ஆகி, ஏழு வயதளவில் தானே சரியாகும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகும் வில் வளைவு கூடிக்கொண்டே போனாலோ காட்டுங்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கும் போதாதது வெயில்தான். கைக்குழந்தை எப்போதும் ஒரே பக்கம் தலையைத் திருப்பி, அந்தப் பக்கத்துத் தலை தட்டையாகிறது என்று வருபவர்களிடம், கழுத்தைச் சோதித்துப் பார்த்த பின் நாங்கள் பெரும்பாலும் கேட்பது, படுக்கை எந்தப் பக்கம், சன்னல் எந்தப் பக்கம் என்பதே. தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுக்க வைத்தால் வெளிச்சத்தையும் தாயின் குரலையும் தேடிக் குழந்தை மறுபக்கம் திரும்பும்.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குச் செல்பவர்களுக்கு ஒன்று. கட்டுக்குள் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே வாருங்கள். செடியின் பள்ளம் ஆறு மாதத்தில் விழுந்தது. இறுகிய கட்டு கையையும் காலையும் கெடுக்கச் சில மணி நேரம் போதும்.

பெரியவருக்கு நாங்கள் செய்தது அதிகமில்லை. முதலில் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னோம். கதவும் தொலைக்காட்சியும் அவருடைய மறுபக்கம் வந்தன. இயன்முறை மருத்துவர் வாரம் இருமுறை பார்த்தார். மகள் அவரைத் தூக்குவதை விட்டு, இடுப்பில் ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டி அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றார். விழப்போனால் மட்டும் பிடி இறுகும். முதல் வாரம் ஐந்து அடி. இரண்டு முறை மகள் அழுதுவிட்டதாகச் சொன்னார். அப்பா தடுமாறும்போது கையை நீட்டாமல் நிற்பதுபோல் கடினமான வேலை எதையும் தாம் செய்ததில்லை என்றார். நாங்கள் அதை நம்புகிறோம். மூன்றாம் மாத முடிவில் கைத்தடியோடு திண்ணைக்கு வந்தார். முழுக்கச் சரியாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். காலில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு இருக்கிறது, செருப்பில் ஒரு பக்கம் உயர்த்திக் கொடுத்திருக்கிறோம், நொண்டல் தெரிகிறது. வரப்பில் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அதை அவர் கேட்கிறாரா என்பதில் மகளுக்கு ஐயம் உண்டு.

அவருடைய தோப்பில் ஒரு தென்னை இருக்கிறதாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது பாதி சாய்ந்தது. அப்போது அது இளமரம். வெட்டிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, அடியில் மண்ணை அணைத்து, ஒரு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு விட்டுவிட்டாராம். தென்னைக்கு மற்ற மரங்களைப்போல் தண்டு வயதோடு பெருக்காது. சாய்ந்த தண்டு சாய்ந்தபடியேதான் இருக்கும். குருத்து மட்டும் மேல்நோக்கித் திரும்பி வளரும். அதனால் அந்த மரம் அடியில் படுத்து, நடுவில் வளைந்து, மேலே நேராகப் போகிறதாம். முட்டுக்கட்டையை எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காய்ப்பில் குறையில்லை என்றார்.

செடி வளர்ப்பவர்களுக்கு மருத்துவர்களாகச் சொல்ல வேண்டியது சில. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு நீரே போதும். டிஃபன்பாக்கியா போன்ற அழகுச் செடிகளின் சாறு வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர் போன்று எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் அறையில் மண்ணுள்ள தொட்டி வேண்டாம். மண்ணிலுள்ள பூஞ்சை அவர்கள் நுரையீரலுக்கு ஆபத்து. உள்நோயாளர் பிரிவுகளுக்குத் தொட்டிச் செடி கொண்டுவர வேண்டாம் என்று செவிலியர் சொல்வது இதனால்தான். அன்பளிப்பை மறுக்கிறார்களே என்று வருந்த வேண்டாம்.

கூடத்து ரப்பர் செடிக்கு இப்போது இடுப்பளவில் ஒரே ஒரு துணிக்கட்டு இருக்கிறது, மூங்கில் குச்சியோடு. தண்டின் நடுவில் பழைய வளைவும் ஆறு தழும்பும் அப்படியே உள்ளன. அதற்கு மேலே ஐந்து புது இலைகள் நேராக வந்திருக்கின்றன. திங்கட்கிழமை காலையில் தொட்டியைத் திருப்புவது துப்புரவுப் பணியாளர் அம்மாவின் பொறுப்பு. தொட்டியின் விளிம்பில் வெள்ளை வண்ணத்தால் நான்கு கோடுகள் போட்டிருக்கிறோம். திங்களன்று வருபவர்கள், சாளரத்தின் பக்கம் எந்தக் கோடு இருக்கிறது என்று பார்த்து, திருப்ப மறந்திருந்தால் அவரிடம் நினைவூட்டுங்கள். கொஞ்சம் கனமான தொட்டி, ஒரு கை கொடுத்தாலும் நல்லது.